மூன்றில் இரண்டு: கள்ளக்குறிச்சிக்குக் கேமரா எடுக்கப் போனது

இந்த ஆண்டு ஜனவரி 19 என்று கள்ளக்குறிச்சி முத்திரை விழுந்த உள்நாட்டுக் கடிதம் ஒன்று எனக்கு 22ஆம் தேதி கிடைத்தது. முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு துணை அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் என் முதல் வேலை. அதனால் எந்தக் கடிதத்தையும் வெளியே படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே படிப்பேன்.

உள்ளே இருந்தது இது: "மதிப்பிற்குரிய அம்மா, நீங்கள் தேடுவதாகக் கேள்விப்பட்ட மாடலில் எங்களிடம் மூன்று பாடி இருக்கிறது. மூன்றும் ஓடுகிற கண்டிஷன். எந்த இரண்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றையும் தர இயலாது. நேரில் வந்து பார்த்து ஓட்டிப் பார்த்து எடுக்கவும். இப்படிக்கு, சாதிக், தையல் சாமான் கடை."

பாடி என்பது லென்ஸைக் கழற்றிய பிறகு மிஞ்சுகிற கேமரா. பிலிம் ஓடுவது அதற்குள்தான். எனக்கு எதற்கு இரண்டு என்று என் கணவர் உட்படப் பலர் கேட்டாகிவிட்டது. எங்கள் ஊர்க் குளத்தை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரே படிக்கல்லில் நின்று படம் எடுத்து வருகிறேன். ஒன்பது வருடம் ஆயிற்று. ஒரு ஞாயிறும் தவறவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒன்று, கலரில் ஒன்று. கறுப்பு வெள்ளை, தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று காட்டும். கலர், தாமரை எவ்வளவு, ஆகாயத்தாமரை எவ்வளவு என்று காட்டும். ஒரு பாடியில் ஒரு பிலிம்தான் போட முடியும். ஆகவே இரண்டு பாடி, மாற்றி மாற்றிப் போட ஒரே லென்ஸ். போனில் எடுத்தால் கணக்கில் சேராது. இந்தச் சட்டத்தை நானேதான் போட்டேன். அதனால் தளர்த்தச் சொல்லி யாரிடமும் மனுப் போட முடியவில்லை.

என்னிடம் இருந்த ஜோடியில் ஒன்று ஐப்பசி மழையில் நின்றது. இன்னொன்று மார்கழியில், காரணம் சொல்லாமல் நின்றது. ஜனவரி ஞாயிற்றை ஒரு நண்பரின் கேமராவை இரவல் வாங்கிச் சமாளித்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு துபாய் போய்விட்டார். தெரிந்தவர்களிடமெல்லாம் முகவரி கொடுத்துச் சொல்லி வைத்திருந்ததில் வந்ததுதான் அந்தக் கடிதம். அடுத்த முதல் ஞாயிறு பிப்ரவரி 1. புதன் முதல் சனி வரை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜனவரி 28, புதன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் முதலில் தெரிந்தது காற்றில் வெல்ல வாசனை. இரண்டாவது தெரிந்தது வேர்க்கடலைச் சட்னி. எங்கள் பக்கம் தேங்காயை உடைக்காமல் அடுப்புப் பற்றாது. இங்கே நான்கு இட்லிக்கு மூன்று சட்னி வைத்தார்கள். மூன்றிலும் தேங்காய் கிடையாது. "தேங்கா சட்னி இல்லியா?" என்றேன். பரிமாறியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கல்ல சட்னிய விட்டுட்டு அத எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார். சாப்பிட்ட பிறகு எனக்கும் அதே கேள்விதான்.

ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர், பின்னால் நாங்கள் ஆறு பேர். புதிய மாவட்டம் என்பதால் எல்லாரும் ஏதாவது ஓர் அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள். என் மடியில் யாருடைய பட்டா நகலோ இருந்தது.

சாதிக் பாயின் கடை கடைத்தெருவில் இரண்டு ஆள் அகலம். சுவரெல்லாம் நூல்கண்டு, ஜிப், லைனிங் துணி, லேஸ். அவருக்கு அறுபது இருக்கும். மூக்குக் கண்ணாடி நெற்றியில்.

"நாகர்கோயில்லேர்ந்தா? ஒக்காருங்க மேடம். போன் போட்டா இன்னா வெலன்னு கேட்டுட்டு வெச்சிடுவாங்க, லெட்டர் போட்டாதான் ஆளு வரும்னு வூட்ல சொல்லிச்சு. பாத்தீங்களா, வந்துட்டீங்க."

வீட்டில் என்றால் அவர் மனைவி மெகருன்னிசா. அன்று ஊரில் இல்லை. மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். கணவனும் மனைவியும் கல்யாணப் போட்டோக்காரர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நிக்காஹ் வீட்டில் ஆண்கள் பக்கம் இவர், பெண்கள் பக்கம் அவர். இவருக்கு முழங்கால் வலி வந்து கடையோடு உட்கார்ந்துவிட்டார். அவர் டிஜிட்டலுக்கு மாறி இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

"புதுசு ரெண்டு வாங்கிச்சு. பீரோவுல எடம் இல்ல. என்னுத விட்டுட்டு மத்தத குடுத்துடுங்கன்னுச்சு. சரி, ஒன்ன வூட்ல வெச்சிக்கினு ரெண்ட குடுத்துடலாம்னு உங்களுக்கு எழுதிப் போட்டேன்."

மூன்று பாடிகளையும் லைனிங் துணி மேல் வரிசையாக வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு, ஒரே மாதிரித் தோல் உறை. நான் நோட்டை எடுத்தேன். ஷட்டர் சத்தம், திரையில் ஓட்டை உண்டா, பின்கதவு ஓரத்து ஸ்பான்ஞ்சு, மீட்டர் முள், பிலிமை உருட்டுகிற நெம்புகோல் என்று ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பசை பட்டுவிடக் கூடாதே என்று பாடியில் ஒட்டாமல், தோல் உறைகளில் 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் எண் உடனே பிடித்துப்போயிற்று. நெம்புகோல் ஒரே இழுப்பில், தயக்கமில்லாமல் சுற்றி வந்தது. ஒன்றிலும் மூன்றிலும் பாதி வழியில் ஒரு சிறு முனகல். ஸ்பான்ஞ்சு மூன்றிலும் ஒரே அளவுக்குப் பிசுபிசுத்துப் போயிருந்தது. அது போனால் கதவு இடுக்கில் வெளிச்சம் கசிந்து பிலிமைக் கெடுக்கும். கசிகிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை. படம் எடுத்துக் கழுவித்தான் பார்க்க வேண்டும்.

"மூணயும் எடுத்துக்கினு மலைக்குப் போய்ட்டு வாங்க," என்றார் சாதிக் பாய்.

"நம்பிக் குடுக்கியளே பாய்?"

"போஸ்டாபீஸ்காரம்மா எங்க ஓடப்போறீங்க? ஓடுனாலும் முத்திர குத்திட்டுதான் ஓடுவீங்க."

ஜனவரி 29, வியாழன்.

காலையில் மூன்றிலும் கறுப்பு வெள்ளை பிலிம் போட்டு, வெள்ளிமலை பேருந்தில் ஏறினேன். கச்சிராயபாளையம் போகும் வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. பேருந்து அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்தது. ஜன்னலோரத்து ஆள் கையை நீட்டி ஒரு கழியை உருவினார். பின் சீட்டுக்காரர், "அண்ணே, நுனிக் கரும்பு சப்புன்னு இருக்கும், அடிக் கரும்பா பாத்து இழு," என்றார்.

கச்சிராயபாளையத்தில் பேருந்து நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார். டீ முடிந்தும் பேருந்து கிளம்பவில்லை. கண்டக்டரைக் கேட்டேன்.

"கெளம்பும், கெளம்பாது. ரெண்டுக்கும் சான்ஸ் இருக்குதுங்க."

அப்போதுதான் ஆரோக்கியம் கிடைத்தார். நாற்பது வயது, சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். மலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றக் காலி வண்டியோடு போய்க்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. முன் சீட்டில் என்னையும் மடியில் மூன்று கேமராக்களையும் ஏற்றிக்கொண்டார்.

"இன்னா மேடம், கட வெக்கப் போறீங்களா?"

"ரெண்டு தேர்ந்தெடுக்கணும்."

"பொண்ணு பாக்கறாப்லன்னு சொல்லுங்க. எங்க மச்சான் பதினாலு பொண்ணு பாத்தான். கடைசில மொத பாத்த பொண்ணயே கட்டிக்கினான்."

கோமுகி அணை கீழே நழுவிப் போனது. வளைவுக்கு வளைவு காற்றில் குளிர் கூடிக்கொண்டே வந்தது. வண்டியை நான்கு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றாம் எண்ணில் ஒரு படம், லென்ஸைக் கழற்றி இரண்டில் மாட்டி அதே படம், மறுபடி கழற்றி மூன்றில் அதே படம். நேரம், வெயில் எல்லாம் நோட்டில் ஏறின.

இரண்டாவது நிறுத்தத்தில் ஆரோக்கியத்தால் பொறுக்க முடியவில்லை. "மேடம், அந்தப் பாற எங்கயும் போவாது. ஒரு தபா எடுத்தா பத்தாதா?"

வெள்ளிமலையில் டீக்கடையில் வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கிடைத்தன. எங்கள் ஊரில் இது மரச்சீனி. மீன்குழம்பு இல்லாமல் தட்டில் இறங்காது. இங்கே குச்சிக்கிழங்கு, காரச் சட்னி ஒன்றே அதற்குத் துணை. கண்ணில் நீர் வரும்வரை சாப்பிட்டேன். கடைக்கார அம்மாளைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்குத் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். மூன்றாவது கேமராவை நான் தூக்கியபோது பக்கத்து மேசையைப் பார்த்து, "ஒன்னு சரியா வரலன்னா இன்னொன்னு, அதுவும் வரலன்னா இன்னொன்னு. நம்ம மூஞ்சி அப்டி," என்றார். கடையே சிரித்தது. மூன்றாவது படம்தான் அன்றைய நாளின் நல்ல படம்.

ஆரோக்கியமும் வண்டிமேல் கை போட்டு நின்று மூன்று படம் எடுத்துக்கொண்டார். "நல்லா வர்றத எனக்கு அனுப்பிடுங்க," என்றார்.

அருவிக்குப் போகும் பாதையில் மரம், பாறை என்று மீதியையும் எடுத்து மூன்று ரோலையும் முடித்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்து ரோல்களை வெளியே எடுத்து, உறையைப் பார்த்து அவற்றின் மேலும் 1, 2, 3 என்று எழுதி டப்பாவில் போட்டு மூடினேன். மிகுந்த மனநிறைவோடு எழுந்தேன். எழுந்த காலே வழுக்கி ஓடையில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் முழங்கால்தான். பாடிகளை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக் காப்பாற்றிவிட்டேன். உறைகள் மட்டும் அடிப்பக்கம் நனைந்திருந்தன. ஆரோக்கியம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் புதரோரம் போய்ப் புடவையைப் பிழிந்துவிட்டு வருவதற்குள் உறைகள் வண்டியின் முன்பக்கத்தில் வெயிலில் காய்ந்து, கேமராக்கள் மறுபடி உறைக்குள் உட்கார்ந்திருந்தன.

"காஞ்சிருச்சுங்கக்கா. தொடச்சிப் போட்டு வெச்சிட்டேன்." நான் விழுந்ததும் மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"எந்த உறையில எது இருந்துச்சுன்னு பாத்து வச்சீங்களா?"

"மூணு ஒற, மூணு காமெரா. கணக்கு சரியாதான இருக்குது?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரோல்களில் எண் இருக்கிறது. எந்த ரோல் எந்தப் பாடியிலிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. பாடியின் அடியில் பொறித்த எண்ணை நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஸ்டிக்கர் இருக்கிற தைரியத்தில் எழுதவில்லை. முப்பது வருடம் பார்சலுக்குள்ளும் ஒரு முகவரிச் சீட்டு வையுங்கள் என்று சனங்களிடம் சொல்லி வந்தவள் நான்.

நெம்புகோலை இழுத்துப் பார்த்து இரண்டாம் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்றும் மூன்றும் இரட்டைப் பிள்ளைகள். முனகல்கூட ஒரே மாதிரி. இறங்கும் வழியெல்லாம் பின்னால் கிழங்கு மூட்டை மணந்தது. நான் இரண்டு நெம்புகோலையும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே வந்தேன். ஆரோக்கியம் ஒரு வளைவு தாண்டி, "அக்கா, நான் எதாச்சும் தப்பு பண்ட்டனா?" என்றார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

ஜனவரி 30, வெள்ளி.

மெகர் அக்கா காலைப் பேருந்தில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது, தோளில் பெரிய கேமராப் பை, கையில் கல்யாண வீட்டு இனிப்புப் பொட்டலம். என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் பரணிலிருந்து எவர்சில்வர் டேங்க் ஒன்றை இறக்கினார். மூன்று ரோலையும் ஒரே தடவையில் கழுவலாம். மருந்துப் பொடி நான் கொண்டுபோயிருந்தேன்.

வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டுத்தான் பிலிமைச் சுருளில் ஏற்ற வேண்டும். எனக்கு ஒரு ரோலுக்குப் பத்து நிமிடம் ஆகும், நெற்றி வியர்க்கும். மெகர் அக்கா பைக்குள் கையை விட்டபடி மணலூர்பேட்டைக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்திக்கும் பெண்ணின் அத்தைக்கும் நாற்காலிச் சண்டை வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை முடிவதற்குள் மூன்று ரோலும் ஏறிவிட்டன.

சாதிக் பாய் கடையைப் பூட்டி ஜும்மாவுக்குப் போனார். பிலிம்கள் மாடியில் கொடிக்கயிற்றில் துணிக் கிளிப்பில் தொங்கின. நான் பூதக்கண்ணாடியோடு நின்றேன். ஒன்றாம் ரோல் சுத்தம். இரண்டாம் ரோல் சுத்தம். மூன்றாம் ரோலில் படத்துக்குப் படம் மேலோரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். வெளிச்சக் கசிவு. பிரிண்டில் அது வெள்ளையாக விழும்.

ஆகவே நிலைமை இதுதான். வழுக்கிக்கொண்டு ஓடும் இரண்டாம் பாடி நல்லது, சந்தேகமில்லை. மற்ற இரண்டில் ஒன்று நல்லது, ஒன்று ஒழுகல். எது எதுவென்று தெரியாது. மறுபடி சோதிக்க நாளும் இல்லை, மருந்தும் இல்லை. மறுநாள் காலை பேருந்து, அதற்கு மறுநாள் குளம். தவறானதை எடுத்துப் போனால் ஒன்பது வருட வரிசையில் பிப்ரவரி இடம் தீற்றலோடு இருக்கும்.

மெகர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். பூதக்கண்ணாடியை வாங்கவில்லை. இரண்டாம் ரோலை விரலால் தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்னுதாச்சே," என்றார்.

எனக்குப் புரியவில்லை. படத்தின் கீழோரத்தைக் காட்டினார். எல்லாப் படத்திலும் இடது மூலைக்குச் சற்றுத் தள்ளி, அரிசி நொய் அளவுக்கு ஒரு கறுப்புப் பல். மற்ற இரண்டு ரோலிலும் அது இல்லை. இரண்டாம் பாடியின் பின்கதவைத் திறந்தோம். பிலிம் மேல் வெளிச்சம் விழுகிற ஜன்னல் சட்டத்தில், யாரோ அரத்தால் அராவிய மிகச் சிறிய பள்ளம். நான் அந்தச் சட்டத்தைப் புதன்கிழமை ஊதித் துடைத்திருக்கிறேன். தூசி இல்லை என்று முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன்.

அவர் சொன்ன காரணம் இது. பெண்கள் பக்கத்துப் படங்கள் ஆண்கள் பக்கத்து ஆல்பத்தில் கலக்கக் கூடாது. கடைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது. பிரிண்ட் போட்டு நேரே அந்த வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் எடுத்த ரோலும் ஒரே டேங்கில் கழுவி ஒரே கொடியில் காய்வது. ஆரம்பத்தில் ஒரு கல்யாணத்தில் மாறிவிட்டது. மருதாணி வைக்கிற படமெல்லாம் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆல்பத்துக்குப் போய்விட்டது.

"அந்த மாமன் ஆல்பத்தப் பொரட்டிக்கினே போனாரு. நாலாவது பக்கத்துல அவரு பொஞ்சாதி தல விரிச்சிப் போட்டுக்கினு ஆட்டம். அன்னிக்கி நாங்க சாப்புடாம வந்தோம். மறுநாளே இந்தப் பல்லு. அதுலேர்ந்து கண்ண மூடிக்கினு பிரிப்பேன்."

"இதுக்கு மட்டும் நெம்புகோல் ஏன் இவ்வளவு லேசா ஓடுது?"

"பொம்பளப் பக்கம் ரோலு ஜாஸ்தி ஓடும்மா. இவரு ஆம்பளப் பக்கத்துல நாலு தாடி, ஒரு கையெழுத்து எடுத்துட்டு பிரியாணிக்கு ஒக்காந்துடுவாரு."

பிரியாணிக்கு உட்கார வேண்டியவர் அந்த நேரம் தொப்பியோடு மாடி ஏறி வந்தார்.

"இன்னாங்க," என்றார் மெகர் அக்கா, "என்னுத விட்டுட்டு மத்தத குடுங்கன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன. அதான் ஒன்ன விட்டுட்டுதான் குடுக்கறேன்."

"எதனா ஒன்னா?"

"மூணும் ஒரே மாடலு. எதா இருந்தா இன்னா?"

"அப்ப நாளைக்கி செருப்புக் கடையில ஏதோ ஒரு செருப்ப மாட்டிக்கினு வாங்க. எல்லாம் ஒரே மாடலு."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "மேடத்துக்கு எழுதிக் குடுத்துட்டேனே," என்றார்.

எந்த இரண்டு வேண்டுமானாலும். கடிதம் என் பையில் இருந்தது. மெகர் அக்கா வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதுனது எழுதுனதுதான். நீங்க எவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. எடுத்துக்குங்கம்மா." குரலில் வருத்தம் காட்டவில்லை. ஆனால் பாடியின் பின்கதவை மூடியவர் கையை அதன் மேலிருந்து எடுக்கவும் இல்லை.

எனக்கு அது வேண்டும். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. புதன்கிழமை முதல் இழுப்பிலேயே மனதில் குளத்துப் படிக்கல்லில் அதை வைத்துப் பார்த்துவிட்டேன். கையில் எழுத்துப்பூர்வமான உரிமையும் இருந்தது. ஆனால் உள்ளே பெயர் எழுதிய பொருளை வேறு ஆளிடம் கொடுத்தால் எங்கள் இலாகாவில் விளக்கம் கேட்பார்கள். அந்தப் பல் ஒரு முகவரி. படிக்கத் தெரிந்த பிறகு படிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

"மத்த ரெண்டயும் எடுத்துக்கிடுதேன்," என்றேன்.

"ஒன்னு ஒழுவுதே?" என்றார் சாதிக் பாய்.

"ஆமா. எதுன்னும் தெரியல்ல."

மெகர் அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கடச் சாவி குடுங்க," என்றார். கீழே போய் ஐந்து நிமிடத்தில் கறுப்பு வெல்வெட் ரிப்பனும் பசையும் கத்தரியும் கொண்டுவந்தார்.

"எது ஒழுவுதுன்னு தெரியலன்னா ரெண்டுத்துக்கும் ரிப்பன் வெச்சிட்டா போவுது. இதுக்குப் போயி இன்னா யோசன?"

பிசுபிசுத்த ஸ்பான்ஞ்சைத் தீக்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் சுரண்டி எடுத்தார். ரிப்பனைக் கீற்றுக் கீற்றாக நறுக்கினார். கதவு ஓரத்துப் பள்ளத்தில் பசை தடவி, குட்டை ஊசியால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்தார். கழுத்துப் பட்டிக்கு வைக்கிற அதே வெல்வெட். நான் ஒரு பாடியைப் பிடித்துக்கொண்டேன், சாதிக் பாய் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு முறை அதை நினைவூட்டினார்.

சாப்பிடும்போது அரத்தைப் பற்றிக் கேட்டேன். இவ்வளவு சுத்தமாக அராவியது யார்?

"நாந்தான்," என்றார்கள் இருவரும்.

"பூட்டுக் கடையிலேர்ந்து ஊசி அரம் வாங்கியாந்து நாந்தான் பண்ணேன்," என்றார் சாதிக் பாய்.

"வாங்கியாந்தது நீங்க. அராவுனது யாரு? கை நடுங்குதுன்னு எங்கிட்டதான குடுத்தீங்க."

"எனக்கு எப்ப நடுங்கிச்சு?"

பிரியாணிக்கு ஊற்றிய பருப்புத் தால்சா நன்றாக இருந்தது. எங்கள் ஊர்ப் பிரியாணியோடு தருவது வெறும் சர்லாஸ் என்கிற வெங்காயப் பச்சடி, ஒப்பிடவே கூடாது. நான் நோட்டில் 'அராவியது: இருவரும் கோருகிறார்கள்' என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 31, சனி.

விடைபெறும்போது மெகர் அக்கா தன் பாடியை எடுத்து, என்னிடம் மிச்சமிருந்த பிலிமில் ஒன்றை வாங்கிப் போட்டார். பசை காய்ந்ததா என்று இரண்டு பாடிகளையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கடை வாசலில் படம் எடுத்தார். "மொகத்த ஏன் இப்டி வெச்சிக்கினு இருக்கீங்க? ஒழுவாதும்மா," என்றார். சாதிக் பாய் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, வெல்வெட் மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பைக்குள் என்ன என்று கேட்டார். கேமரா என்றேன். எத்தனை என்றார். இரண்டு என்றேன். எதற்கு இரண்டு என்றார். ஊர் வரும்வரை எனக்கும் அவருக்கும் பேச விஷயம் இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு.

காலை ஏழு மணிக்குப் படிக்கல்லில் நின்றேன். தண்ணீர் ஆறாவது படியில். தாமரை கிழக்கு மூலையில் மட்டும். ஒரு பாடியில் கறுப்பு வெள்ளை, இன்னொன்றில் கலர். இரண்டு ரோலிலும் முதல் படம் குளம். மீதியை வீடு, மாமரம், கணவர், மறுபடி மாமரம் என்று முழு வெயிலில் ஓட்டி முடித்தேன். கறுப்பு வெள்ளையை மதியமே கழுவினேன். ஓரமெல்லாம் சுத்தம். கலர் ரோல் வெளியே போய்ப் பத்து நாள் கழித்து வந்தது. அதுவும் சுத்தம். வரிசை அறுபடவில்லை.

ஆரோக்கியத்துக்கு மூன்று படங்களையும் அனுப்பினேன். ஒழுகல் ரோலில் இருந்த படத்தில் வெள்ளைத் தீற்றல் சரியாக அவர் தலைக்கு மேல் வளைந்து விழுந்திருந்தது. அதைத்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகப் போனில் சொன்னார். "புனிதர் மாதிரி இருக்கேன்னு எங்க வூட்ல சொல்லுதுங்கக்கா. மொதத் தபா நம்மள பத்தி நல்லதா ஒரு வார்த்த."

சாதிக் பாய் வீட்டுக்கு நன்றி எழுதியபோது, என் பதிவுக்காக என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பதில் பிப்ரவரி 20 முத்திரையோடு வந்தது. முத்திரை தெளிவு. உள்ளே இரண்டு கையெழுத்து. மேலே சாதிக் பாய்: "அரம் பிடித்து அராவியது நானேதான். அல்லா சாட்சி." கீழே, அதே பேனாவில், இன்னும் அழுத்தமாக: "அவருக்கு மறதி ஜாஸ்தி. நான்தான் அராவினேன். அதே சாட்சி."

என் நோட்டில் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்று, இந்த ஜோடியில் முன்பு ஒழுகியது எது என்பது. வெல்வெட் வைத்த பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, அவசியமும் இல்லை. இன்னொன்று, பல்லை அராவியவர் பெயர். சாட்சி ஒருவரே, இரு தரப்பும் அவரையே கோருகிறார்கள். இந்தத் தேதி வரை உறுதி செய்யப்படவில்லை.